செம்பிக்குத் தானியம் சேராத பிஸ்கட்: தை முதல் ஆனி வரை

செம்பிக்கு நான்கு வயது. நாட்டு நாய், கருத்தடை செய்த பெண். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் குட்டியாக வந்து படுத்தவள் அப்படியே தங்கிவிட்டாள். பெரும்பாலும் வீட்டில் வேகிறதுதான் அவளுக்கும். நொய் போட்டுக் கிண்டிய ராகிக் களியை அம்மா வெந்நீரில் கரைத்து, மேலே ஒரு டம்ளர் பால் ஊற்றி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை கோழி. சாயந்திரம் பக்கத்து வீட்டு ஆயா கையால் ஒரு டீக்கடைப் பொறை.

போன ஐப்பசியில் அவளுக்கு வயிறு கெட ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நான்கு நாள் கழிச்சல். விடியற்காலையில் தோட்டத்துப் புல்லைக் கடித்துவிட்டு நுரையாகக் கக்குவாள். வயிறு கடமுடவென்று உருளும் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். 17.5 கிலோ இருந்தவள் மார்கழியில் 16-க்கு இறங்கிவிட்டாள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டபோது எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன்: தானியம்தான் காரணம். களியை நிறுத்தினேன், பொறையை நிறுத்தினேன். தின்பண்டம் கேட்டு வாசலில் நிற்பாளே என்று கடலை மாவு, வேகவைத்த பரங்கிக்காய், முட்டை மூன்றையும் பிசைந்து முதல் தடவை பிஸ்கட் சுட்டேன். பார்க்க அழகாக வந்தது. ஆசையாகத் தின்றாள். இரவெல்லாம் வயிறு ஊதிக்கொண்டு புரண்டாள். பருப்பு வகைகளில் சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கிவிடும். ஏற்கெனவே புண்பட்ட வயிற்றுக்கு அதைக் கொடுத்தது என் தவறு. எங்கள் பக்கம் கொள்ளுக்குப் பஞ்சமில்லை, அடுத்து கொள்ளு மாவில் செய்யலாம் என்று வைத்திருந்த திட்டத்தையும் அன்றே கைவிட்டேன்.

தை பிறந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். முதலில் மலப் பரிசோதனை செய்து குடற்புழு இல்லை என்று உறுதிசெய்தார். அப்புறம், நான் தானியத்தைக் குறை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது என்றார். அன்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உணவு ஒவ்வாமையால் தோல் பிரச்சினை வந்த 297 நாய்களின் விவரங்களைத் திரட்டி 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. அதில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. முதல் மூன்றும் தானியமே இல்லை, நான்காவதாகத்தான் கோதுமை வருகிறது. ராகி நம் ஊர்ச் சமாச்சாரம் என்பதால் அந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. 2013-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதனோடு பல ஆயிரம் வருடம் கஞ்சி குடித்து வந்த பிராணி அல்லவா!

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய ஒரே வழி, இதுவரை தின்னாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, இவை மட்டுமே எட்டு வாரம் கொடுப்பது. அதற்குப் பிறகு பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. செம்பி மீன் தின்றதில்லை, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தின்றதில்லை. சரி, அவை இரண்டும் என்று முடிவானது. மீனும் கிழங்கும் மட்டும் ஒரு நாய்க்கு முழு உணவாகாது என்பதால், கால்சியமும் மற்ற சத்துகளும் சேர்ந்த பொடி ஒன்றையும் அளவு சொல்லி எழுதிக் கொடுத்தார். இந்த எட்டு வாரத்தில் தின்பண்டமும் இதே பொருளில்தான் இருக்க வேண்டும், ஒரு துண்டு பொறைகூட வெளியிலிருந்து உள்ளே போகக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

ஆக, தானியம் சேராத பிஸ்கட்டுக்கு இப்போது ஒரு தெளிவான காரணம் கிடைத்தது. மீன், சர்க்கரைவள்ளி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு மாவு. அந்த மாவாகக் குச்சிக்கிழங்கு மாவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். அதில் புரதம் ஏறக்குறைய இல்லை, வெறும் மாவுச்சத்து. ஜவ்வரிசி ஆகும் அதே மாவு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் காடு வைத்திருக்கும் மாமா, "கிழங்கே ஒரு மூட்டை அனுப்புறேன், காயவைச்சு அரைச்சுக்கோ" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைக் குச்சிக்கிழங்கில் சயனைடு வெளிப்படுத்தும் பொருள் உண்டு. ஆலையில் அரைத்து, கழுவி, படியவைத்து எடுக்கும் மாவில் அது நீங்கிவிடும். வீட்டில் அரைகுறையாகக் காயவைப்பதை நம்பி ஒரு நோயாளிக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

மீன், அணையிலிருந்து வரும் ஜிலேபி. விலை குறைவு என்பதைவிட எனக்கு முக்கியம் அதன் முள். கெண்டை, ரோகு மாதிரி மீன்களில் சதைக்குள் கவட்டை போன்ற நுண்முட்கள் பதிந்திருக்கும். வேகவைத்து உதிர்த்தாலும் சில தப்பிவிடும். ஜிலேபியில் நடுமுள்ளும் விலாமுள்ளும் கையோடு வந்துவிடும். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, ஆறியதும் இரண்டு தடவை விரலால் தடவிப் பார்ப்பேன். முன்பு மிச்சமான மீன் குழம்பைத் தெரு நாய்களுக்கு ஊற்றுவோம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று தெரிந்த பிறகு அதை நிறுத்திவிட்டோம்.

தை மூன்றாம் வாரம் சுட்டது: வேகவைத்த கிழங்கு 200 கிராம், மீன் 150, மாவு 100. பிசையவே முடியவில்லை. அல்வா மாதிரி கையை விட்டு வரவில்லை. கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து 180 டிகிரியில் இருபது நிமிடம். மேலே செம்மையாகச் சிவந்தது, உள்ளே பிசின். ஆறினால் இறுகும் என்று டப்பாவில் போட்டு மூடினேன். நான்காம் நாள் திறந்தால் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. முழு டப்பாவையும் கொட்டினேன். பூஞ்சை பிடித்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மற்றதைக் கொடுக்கலாமே என்று அம்மா கேட்டார். பூஞ்சை விடும் நஞ்சுகளில் சில நாய்க்கு உடல் நடுக்கம் வரை கொண்டுபோகும். கண்ணுக்குத் தெரியாமல் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் என் கவனமெல்லாம் தண்ணீர் மேல்தான். கிழங்கைத் தண்ணீரில் போட்டு வேகவைத்ததுதான் முதல் பிழை. இட்லிச் சட்டியில் தோலோடு ஆவியில் வேகவைத்து, பிறகு தோலுரித்து மசித்தேன். மீனைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். மாவை 150 ஆக்கினேன். கிழங்கு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே மாவைச் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் வைத்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வருகிறது. ஆறிய கிழங்கில் சேர்த்தால் தூள் தூளாக உதிர்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

நிப்பட்டு தட்டுவதுபோல வாழையிலையில் வைத்துக் கையால் தட்டினேன். நடுவில் தடிப்பு, ஓரம் மெல்லிசு. ஓரம் கருகும்போது நடு ஈரமாகவே இருந்தது. அரை சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு மரச் சட்டங்களை மாவின் இரு பக்கமும் வைத்து, அவற்றின் மேல் சப்பாத்திக் கட்டையை உருட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கத்தியால் 2.5 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, முள்கரண்டியால் இரண்டு குத்து. பிசைந்த மாவு மொத்தம் 500 கிராம், அதில் 140 துண்டு வரும்.

சுடுவதை இரண்டாகப் பிரித்தேன். முதலில் 165 டிகிரியில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. பிறகு 100 டிகிரிக்கு இறக்கி, ஓடிஜி என்கிற மின்சார அடுப்பின் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி ஆவி வெளியேற வழிவிட்டு ஒன்றரை மணி நேரம். தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சூட்டில் மெத்தென்று இருப்பது ஆறினால் கல்லாகிவிடும், உள்ளே ஈரமிருந்தாலும் மேலே காய்ந்த மாதிரித்தான் தெரியும். தராசுதான் சரி. 500 கிராம் உள்ளே போனால் 250 ஆகும்வரை நான் வெளியே எடுப்பதில்லை. ஒருநாள் பாதியில் கரண்ட் போய், இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்த தட்டை அப்படியே குப்பைக்கு அனுப்பினேன். மீன் சேர்ந்த பொருள், அந்தச் சூட்டில் கிடந்ததை நம்ப முடியாது. சுட்டு முடித்ததில் ஐந்து நாளைக்கு மட்டும் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து ஃபிரிட்ஜில் வைப்பேன். மீதி ஃபிரீசரில்.

ஒரு துண்டு இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, என் கணக்கில் ஆறு கலோரி. 16 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி தேவை. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது 15 துண்டு வரை போகலாம். நான் 10-க்கு மேல் கொடுப்பதில்லை.

தினமும் மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதினேன். 2 என்றால் நல்ல கட்டி, 7 என்றால் தண்ணீர். ஆரம்பத்தில் 5, 6 என்று இருந்தது. இரண்டு வாரத்தில் 4. பத்தொன்பதாம் நாள் காலையில் திடீரென்று 6. மீன் கெட்டுப்போயிருந்ததோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஆயாதான் வந்து சொன்னார்: "ஒரே ஒரு பொறைதான் கண்ணு போட்டேன். வாயில்லா ஜீவன், பாத்துக்கிட்டே நிக்குது. மனசு கேக்கல."

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. நான்கு வருடமாகச் சாயந்திரம் ஐந்து மணிக்குச் செம்பிக்குக் கொடுப்பது அவருடைய நாளில் ஒரு வேலை. அதை நான் பிடுங்கிவிட்டு வேறு எதுவும் கொடுக்கவில்லை. அன்று சாயந்திரமே ஒரு சின்ன டப்பாவில் பிஸ்கட் போட்டு ஆயாவிடம் கொடுத்தேன். "தினம் மூணு, ஆயா. இதைத் தவிர வேற எதுவும் வேண்டாம்." அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை டப்பா காலியாகித் திரும்பி வரும். டாக்டர் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.

இந்த முறை ஐந்தாம் வாரத்தில் 3 வந்தது, ஏழாம் வாரத்தில் 2. புல் தின்பது நின்றது. சித்திரை பிறந்தபோது எடை 17 கிலோ.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். முதலில் பால், அரை டம்ளர். இரண்டாம் நாளே 5, மூன்றாம் நாள் 6. நிறுத்திவிட்டேன். பாலில் உள்ள சர்க்கரை செரிக்கவில்லையா, பாலின் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. எதுவானாலும் பால் கிடையாது. வயிறு பழையபடி 2-க்கு வரப் பத்து நாள் ஆனது.

அடுத்து ராகி. பால் இல்லாமல், நொய்யும் இல்லாமல், வெறும் ராகிக் களி, எலுமிச்சை அளவு உருண்டை, பதினான்கு நாள். அந்த நாட்களில் அவளைக் கட்டியேதான் வைத்தேன். வைகாசியில் பக்கத்துத் தோப்பில் செந்தூரா விழுந்து கிடக்கும், ஓடிப்போய்க் கொட்டையோடு விழுங்கிவிடுவாள். சோதனை குழம்புவது ஒருபுறம், மாங்கொட்டை குடலை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பதினான்கு நாளும் நோட்டில் 2, 2, 3, 2. பதினைந்தாம் நாள் அம்மா நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ராகி யாரையும் கெடுக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். சொல்லியிருந்தார், உண்மைதான்.

கோழியும் தொல்லை செய்யவில்லை.

இனி தானியமே வேண்டாம் என்று வைத்துவிடலாமா என்றும் டாக்டரிடம் கேட்டேன். தானியத்தை எடுத்துவிட்டுப் பட்டாணி, பருப்பு, கிழங்கு வகைகளை நிறையச் சேர்த்த நாய் உணவுகளுக்கும் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. புதிதாக முக்கியமான தகவல் கிடைத்தால் தவிர இனி அறிவிப்பு இல்லை என்று 2022 டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். அது தினசரி உணவைப் பற்றிய பேச்சு, ஒரு நாளைக்குப் பத்துத் துண்டு பிஸ்கட்டைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒத்துக்கொள்கிற தானியத்தைக் காரணமில்லாமல் விலக்க வேண்டாம் என்பது டாக்டரின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆகவே களி திரும்ப வந்துவிட்டது, மேலே பாலுக்குப் பதில் மீன் வெந்த தண்ணீர். பிஸ்கட்டை மட்டும் நான் மாற்றவில்லை. போன வாரம் ஒரு தட்டில் கிழங்கு மாவில் பாதியை எடுத்துவிட்டு ராகி மாவு சேர்த்துப் பார்த்தேன். தட்டுவதற்கு எளிதாக இருந்தது, ஆனால் வாயில் போட்டதும் உதிர்கிறது. செம்பி கீழே விழுந்த தூளை நக்கிக்கொண்டிருக்கிறாள். பழைய அளவே நல்லது.

அடுத்த சோதனை கோதுமை. வரும் திங்கட்கிழமை ஒரு விரல் அகலச் சப்பாத்தித் துண்டில் தொடங்குகிறேன். பதினான்கு நாள் நோட்டு 2-லேயே நின்றால் பொறை கொடுக்கலாமா என்று ஆயா கேட்டார். பொறையில் பால் சேர்க்கிறார்களா என்று டீக்கடையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அதுவரை டப்பாவில் மூன்று மூன்றாக இந்தப் பிஸ்கட்தான்.