டப்ளின் தகரமும் திருநெல்வேலித் தகரமும்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில், இணையவழிக் கூட்டத்தில் புதிய குரல் ஒன்று கேட்டால், அது எந்த நாட்டுக் குரல் என்று தமிழர்களாகிய நாங்கள் நால்வரும் உடனே தீர்ப்பு எழுதிவிடுவோம். எங்களிடம் இருந்த உரைகல் ஒன்றே ஒன்றுதான்: 'கார்' என்பதில் ரகரம் உருண்டு கேட்டால் அமெரிக்கர், தேய்ந்து 'கா' என நீண்டால் இங்கிலாந்துக்காரர்.

மூன்று மாதங்களாக அமெரிக்கர் என்று நம்பியிருந்த ஒரு வாடிக்கையாளர், டப்ளின் மழையைப் பற்றி அலுத்துக்கொண்ட அன்று அந்த உரைகல் பொய்த்துப்போனது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பெரும்பாலோர் அந்த ரகரத்தை விடுவதே இல்லை என்பதையும், அமெரிக்காவிலேயே பாஸ்டனின் பழைய பேச்சில் அது தேய்ந்திருக்கிறது என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நாட்டை மாற்றிச் சொன்னதுகூடப் பெரிதில்லை. திருநெல்வேலியிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண், முப்பதை ஆங்கிலத்தில் 'தர்ட்டி' என்று சொல்லும்போதெல்லாம், நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை உரசவிட வேண்டும் என்று நான் திருத்திக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பயிற்சியாளர்கள் இத்தகைய தாய்மொழிச் சாயலுக்கு 'எம்டிஐ' என்று நோயின் பெயரைப் போல ஒரு சுருக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அந்த டப்ளின் வாடிக்கையாளருடன் நடந்த கூட்டம் முடிந்ததும் அவள், "அண்ணா, அவரும் என்னை மாதிரிதானே சொல்றாரு?" என்று கேட்டாள். பதிவை மீண்டும் ஓடவிட்டுக் கேட்டேன். நம் தகரத்தைப் போலவே, நாக்கு பல்லில் முட்டி நிற்கும் அதே ஒலி. அயர்லாந்தில் பலர் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். அவர் வாயில் அது எங்களுக்கு இனிமையாகவே இருந்திருக்கிறது.

1960இல் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் மான்ட்ரியலில் நடத்திய ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. இருமொழியாளர் ஒருவரையே ஒரு பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கவைத்து, வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணும்படி ஒலிபரப்பியபோது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஆங்கிலக் குரலுக்குப் பல குணங்களில் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். தன் இனத்துக் குரலைக் குறைத்து மதிப்பிடுவதில் நாங்கள் நால்வர் தனியாட்கள் அல்லர் என்பது ஓர் அற்ப ஆறுதல்.

திருத்துவதை நிறுத்திவிட்டேன், காதுதான் இன்னும் திருந்தவில்லை. நேற்றைய கூட்டத்தில் அவள் 'த்ரீ தர்ட்டி' என்றபோது எனக்குத் திருநெல்வேலி கேட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள அவர் அதையே திருப்பிச் சொன்னபோது டப்ளின் கேட்டது.