1823-க்கு முன்னால் எங்கே இருந்தாய்?

ஜூன் 4

அப்பத்தாவின் தகரப்பெட்டியில் இன்று ஒரு ரசீது கிடைத்தது, பர்மிய எழுத்து, மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது. 1964-இல் ரங்கூனில் தாத்தாவின் கடையை அரசு எடுத்துக்கொண்டபோது கொடுத்ததாம். அதே வருஷம் 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாமல் போய், கையில் ஒன்றுமில்லாமல் கப்பல் ஏறியிருக்கிறார்கள். நாங்கள் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தேடப்போய், பர்மாவின் ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியின் 1982 குடியுரிமைச் சட்டத்தில் வந்து நின்றேன்.

ஜூன் 7

சட்டம் முழுவதும் படித்தாயிற்று. இந்தச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் என்று எல்லோரும் சொல்வது அரக்கான் பக்கத்து முஸ்லிம்களான ரோஹிங்யாக்களைத்தான், ஆனால் ரோஹிங்யா என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை! கச்சின், காயா, கரென், சின், பர்மன், மொன், ரக்கைன், ஷான் என்று எட்டு இனங்கள், அப்புறம் 1823-க்கு முன்பே அந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்த மற்ற இனக்குழுக்கள், அவ்வளவுதான். ஏன் 1823? 1824-இல்தான் முதல் ஆங்கிலேய பர்மியப் போர் தொடங்கி அரக்கான் (இப்போதைய ரக்கைன் மாநிலம்) வெள்ளைக்காரன் கைக்குப் போனது, அதற்குப் பிறகு வந்தவரெல்லாம் அவனோடு வந்தவர் என்று கணக்கு. எங்கள் பாட்டனார் அதற்கு எவ்வளவோ பின்னால் போனவர், ஆக நாங்கள் முழுக் குடிமக்கள் ஆகியிருக்க மாட்டோம். அதற்குக் கீழே இரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள். கடைசிப் படியில் நிற்கவே 1948 ஜனவரி 4-க்கு முன்பே அங்கே இருந்ததற்கு மறுக்க முடியாத ஆதாரம் வேண்டும்.

ஜூன் 8

தூக்கம் வரவில்லை. பிரான்சிஸ் புக்கானன் என்ற கம்பெனி டாக்டர் (1800-இல் நம் கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் சுற்றிக் குறிப்பெடுத்தவர்தான்) 1799-லேயே, அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' என்று சொல்லிக்கொள்வதாக எழுதியிருக்கிறார். 1823-க்கு 24 வருஷம் முந்தைய ஆதாரம், இது போதாதா என்று கேட்டால் போதாது, ஏனென்றால் எந்த இனம் தேசிய இனம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டத்தின் நான்காவது பிரிவு அரசு மன்றத்திடம், அதாவது அன்றைய ஆட்சியின் உச்சக் குழுவிடம், கொடுத்துவிட்டது. ஆண்டைச் சொல்லிவிட்டு முடிவைத் தன் பையில் வைத்துக்கொள்கிறது சட்டம். பிறகு வந்த 135 இனங்களின் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

ஜூன் 11

ஆபீஸில் ஆள் இல்லை, மதியம் முழுக்க இதே வேலை. சட்டம் அட்டையாக மாறும் இடம்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1989-இல் புதிய குடியுரிமை அட்டை வந்தபோது ரோஹிங்யாக்களிடம் பழைய தேசியப் பதிவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள், புதியது பலருக்கு வரவே இல்லை. 1995-இலிருந்து தற்காலிக வெள்ளை அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டி 2010 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு 2015 தேர்தலில் ஓட்டில்லை, அதற்குள் அந்த அட்டையும் செல்லாது என்றாகிவிட்டது. ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு, வடக்கு ரக்கைனில் கல்யாணத்துக்கும் அனுமதி. 2017-இல் ராணுவம் ஊர்களை எரித்தபோது 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். காகிதத்தில் ஏற்கெனவே வெளிநாட்டுக்காரர்கள் ஆக்கப்பட்டவர்கள்.

ஜூன் 12

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, முதல் தடவை கண்ணில் படவில்லை. இந்தச் சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்புகள் தாங்கள் செய்வதற்குக் காரணம் எதுவும் சொல்ல மாட்டா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பத்தாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு ரசீதாவது குடுத்தான்" என்றார்.