ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி: ஓட்டு எந்த ஆண்டில் குறைகிறது, சீட்டின் எந்த வரியில் காணாமல் போகிறது

வர்ஜீனியாவில் தேர்தல் இல்லாத நவம்பர் கிடையாது. ஒரு ஆண்டு அதிபர், அடுத்த ஆண்டு ஆளுநர், அதற்கடுத்த ஆண்டு காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், நான்காவது ஆண்டில் மாநிலச் சட்டமன்றத்தோடு கவுண்டி நிர்வாகம். இந்த நாலு வருடச் சுற்று மனதில் இல்லாமல் வாஷிங்டனின் புறநகரான ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் வாக்குப்பதிவைப் பற்றிப் பேசினால் முதல் அடியிலேயே தவறு வந்துவிடும்.

மாநில அளவிலான கணக்கைப் பாருங்கள். பதிவு செய்த வாக்காளர்களில் 2020-இல் 75 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2021-இல் 54.9. 2022-இல் பாதியை ஒட்டி. 2023-இல் 40-ஐ ஒட்டி. வரிசையாக வைத்தால் சறுக்குமரம் போலத் தெரியும். மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று ஒவ்வொரு சுற்றிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆளுநர் தேர்தலை ஆளுநர் தேர்தலோடுதான் வைக்க வேண்டும்: 2009-இல் 40.4, 2013-இல் 43, 2017-இல் 47.6, 2021-இல் 54.9. நான்காவது ஆண்டுத் தேர்தலையும் அதேபோல: 2011-இல் 28.6, 2015-இல் 29.1, 2019-இல் 42.4, பிறகு 2023-இல் அதைவிடச் சற்றுக் கீழே. இப்படி அடுக்கினால் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பங்கேற்பு கூடியிருப்பதுதான் தெரிகிறது. 2025 ஆளுநர் தேர்தலில் 2021-ஐ விடவும் அதிக ஓட்டுகள் விழுந்தன.

ஆனாலும் கவுண்டியில் குடியிருப்பவருக்குக் கவலைப்பட இடம் இருக்கிறது. 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஃபேர்ஃபாக்ஸை நடத்துவது பத்துப் பேர் கொண்ட மேற்பார்வையாளர் வாரியம்: ஒன்பது மாவட்டங்களுக்குத் தலா ஒருவர், கவுண்டி முழுவதற்கும் ஒரு தலைவர். பன்னிரண்டு பேர் கொண்ட ஸ்கூல் போர்டு தனி. இந்த இரண்டையும் தேர்ந்தெடுப்பது 2019, 2023, 2027 என்று அந்த நான்காவது ஆண்டில்தான், அதாவது சுற்றிலேயே ஆள் குறைவாக வரும் ஆண்டில். வீட்டு வரி விகிதத்தை முடிவு செய்வது வாரியம். கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது. வர்ஜீனியாவில் ஸ்கூல் போர்டு தானாக வரி விதிக்க முடியாது, வாரியம் தரும் பணத்தைத்தான் செலவிடும். பையில் நேராகக் கை வைக்கும் முடிவுகளை எடுப்பவர்கள் மிகச் சிறிய கூட்டத்தின் ஓட்டில் வருகிறார்கள்.

இனி சதவீதத்தைக் கணக்கிடும் விதத்துக்கு வருவோம். பெரும்பாலான குழப்பம் வகுக்கும் எண்ணில்தான். மூன்று எண்களில் ஏதாவது ஒன்றை எடுக்கலாம்: பதிவு செய்தவர்கள், 18 வயது நிறைந்த எல்லோரும், 18 வயது நிறைந்த குடிமக்கள். ஃபேர்ஃபாக்ஸில் பத்தில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் பலர் பச்சை அட்டையிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள், அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை. 18 வயது நிறைந்த எல்லோராலும் வகுத்தால், ஓட்டே போட முடியாதவர்களையும் போடாதவர்களாக எண்ணிவிடுகிறோம். நம் ஊர்க்காரர்கள் அடர்த்தியாக இருக்கும் குடியிருப்புகளில் வாக்குப்பதிவு மோசம் என்று சொல்லும் கணக்குகளைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களின் எண்ணிக்கையைத் தனி அட்டவணையாகவே தருகிறது. அக்கம்பக்கங்களை ஒப்பிட அதையே எடுங்கள். அது ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வருவது, சின்னப் பகுதிகளில் பிழை வரம்பு பெரிதாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவு செய்தவர்களால் வகுத்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2020-இல் வந்த சட்டப்படி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் டி.எம்.வி அலுவலகத்தில், வேண்டாம் என்று சொல்லாத தகுதியுள்ளவர்கள் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு முன் பதிவு செய்தவர்கள் ஓட்டுப் போடும் எண்ணத்தோடு தாமாக வந்தவர்கள், இப்போது பட்டியலில் சேருபவர்களில் அந்த எண்ணம் இல்லாதவர்களும் உண்டு. பட்டியல் நீள நீள, அதே எண்ணிக்கையில் ஓட்டு விழுந்தாலும் சதவீதம் இறங்கும். 2020-இலும் 2024-இலும் மாநிலத்தில் ஏறத்தாழ 45 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. சதவீதம் மட்டும் 2024-இல் குறைவு. இதனால் ஒரு விகிதத்தை மட்டும் எழுதாமல், விழுந்த ஓட்டின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

பட்டியலில் செயலற்றவர் என்ற ஒரு பிரிவும் உண்டு. முகவரியை உறுதி செய்யச் சொல்லிப் போகும் கடிதத்துக்குப் பதில் வராதவர்கள் அதில் விழுவார்கள். அதன்பின் இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல்கள் வரை ஓட்டுப் போடாமல் இருந்தால்தான் பெயர் நீக்கப்படும். அதுவரை அவர்கள் வந்தால் ஓட்டுப் போடலாம். ஒரு அறிக்கை இவர்களைச் சேர்த்து வகுத்திருக்கிறதா, விட்டுவிட்டா என்று பார்க்காமல் இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள்.

வகுபடும் எண்ணுக்கு வந்தால், தேர்தல் இரவில் திரையில் ஓடும் தொகை முழுத்தொகை அல்ல. தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த சீட்டு, மூன்றாம் நாள் நண்பகலுக்குள், அதாவது வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்குள், வந்து சேர்ந்தாலும் எண்ணப்படும். பதிவுக் கெடு முடிந்த பிறகு வந்து, அன்றைக்கே பதிவு செய்து ஓட்டுப் போடும் வசதி 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அந்தச் சீட்டு புரொவிஷனல் உறைக்குள் போகும், தகுதி சரிபார்த்த பின்தான் கணக்கில் வரும். மாணவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் அதிகமுள்ள பகுதிகளில் இந்த உறைகள் கூடுதலாக இருக்கும். அதனால் புதன்கிழமை காலைக் கணக்கை வைத்து எழுதும் கட்டுரை, மாணவர்கள் வரவில்லை என்று தப்பாகச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

சாவடிவாரியாகப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய குழி வேறொன்று. பிரிசிங்க்ட் என்பது ஒரு சாவடிக்கு உட்பட்ட பகுதி. 2020, 2021 தேர்தல்களில் தபாலில் வந்ததும் நேரில் முன்கூட்டியே போட்டதும் அந்தந்த பிரிசிங்க்டில் சேரவில்லை. ‘மத்திய அப்சென்டீ’ என்ற தனிக் கணக்கில் மொத்தமாகப் போய் விழுந்தன. ஒரு பிரிசிங்க்டில் 3,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், 1,400 பேர் முன்கூட்டியே போட்டார்கள், தேர்தல் நாளில் 800 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாக்குப்பதிவு 73.3 சதவீதம். முடிவு அட்டவணையிலோ 800 மட்டும்தான் இருக்கும், 26.7 சதவீதம் என்று கணக்கு வரும். 2022 பொதுத்தேர்தலிலிருந்து முன்வாக்குகளையும் பிரிசிங்க்டுவாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். ஆகவே 2021-ஐயும் 2025-ஐயும் சாவடி அளவில் வெறும் அட்டவணையை வைத்து ஒப்பிட்டால் எல்லா இடத்திலும் கூட்டம் பொங்கியது போலத் தெரியும். 2020-க்கும் 2021-க்கும் கவுண்டி மொத்தத்தை மட்டும் எடுங்கள். போதாக்குறைக்கு, 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகள் மாறின. பழைய பெயரிலேயே இருக்கும் பிரிசிங்க்டுக்குள் வேறு தெருக்கள் இருக்கலாம். பெயரை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள்.

இடப்பெயரிலும் ஒரு சிக்கல். ஃபேர்ஃபாக்ஸ் நகரமும் ஃபால்ஸ் சர்ச் நகரமும் கவுண்டிக்குள் அடங்காத தனி நகரங்கள், அவற்றின் ஓட்டு கவுண்டிக் கணக்கில் வராது. ஆனால் அந்த ஊர்ப் பெயர்களில் தபால் முகவரி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் கவுண்டிக்குள் இருக்கின்றன. அலெக்ஸாண்டிரியா முகவரிக்கும் இதே கதை. அஞ்சல் குறியீட்டை வைத்து வாக்காளர்களைப் பிரித்தால் கலந்துபோகும்.

முன்கூட்டிய வாக்களிப்பு தேர்தலுக்கு 45 நாள் முன்பே தொடங்கி, தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 5 மணிக்கு முடியும். காரணம் சொல்லத் தேவையில்லை என்ற நிலை 2020-இல் வந்தது. அந்த ஆண்டு மாநிலத்தின் ஓட்டில் பாதிக்கும் மேல் தேர்தல் நாளுக்கு முன்பே விழுந்துவிட்டது. இதைப் பார்த்து முன்வாக்கு கூடினால் மொத்தமும் கூடும் என்று நம்புவது சரியல்ல. செவ்வாய்க்கிழமை எப்படியும் வருபவர் இரண்டு வாரம் முன்னால் வந்திருக்கிறார், பெரும்பகுதி அவ்வளவுதான். நாள்வாரியாக ஒப்பிடும்போது நாட்காட்டித் தேதியை வைக்காமல், தேர்தலுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணுங்கள். கவுண்டி முதலில் சில மையங்களை மட்டும் திறந்துவிட்டு மற்றவற்றைப் பிறகுதான் திறக்கும். அந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தால் வரைபடத்தில் தாவல் வரும், ஆர்வத்தில் வந்த தாவல் அல்ல அது.

சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் உண்மையான இழப்பு தெரியும். 2023-இல் ஃபேர்ஃபாக்ஸ் வாக்காளர் முன் மாநில செனட், பிரதிநிதிகள் அவை, காமன்வெல்த் அட்டர்னி எனப்படும் அரசு வழக்கறிஞர், ஷெரிஃப், வாரியத் தலைவர், மாவட்ட மேற்பார்வையாளர், ஸ்கூல் போர்டு, மண்-நீர்ப் பாதுகாப்பு இயக்குநர்கள், கடைசியில் பள்ளிக் கடன்பத்திரம் பற்றிய கேள்வி என்று நீண்ட வரிசை இருந்தது. மேலே உள்ள சட்டமன்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் கட்சி அச்சாகியிருந்தது. கவுண்டிப் பதவிகளுக்கு இல்லை. கட்சியைப் பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகியவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிடுவார். சாவடி வாசலிலிருந்து 40 அடிக்கு அப்பால் நின்று மாதிரிச் சீட்டு நீட்டும் கட்சிக்காரர்கள் இருப்பது இதற்காகத்தான். வீட்டில் தபால் சீட்டை நிரப்புபவருக்கு அந்தத் துண்டுக் காகிதம் கிடைக்காது, தேடிப் படிக்க நேரம் மட்டும் உண்டு.

வெற்று வட்டங்களைக் கணக்கிடும்போது ஸ்கூல் போர்டின் பொது இடங்களில், அதாவது கவுண்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் இடங்களில், கவனம் வேண்டும். மூன்று இடம், ஒருவர் மூன்று பேர் வரை குறிக்கலாம். 1,000 சீட்டு விழுந்தால் அதிகபட்சம் 3,000 ஓட்டு. வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து 1,950 விழுந்திருந்தால் 35 சதவீதம் பயன்படவில்லை என்று அர்த்தம். 1,950-ஐ 1,000-ஆல் வகுத்து எல்லோரும் போட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த 35 சதவீதம் முழுவதும் அலட்சியம் அல்ல. தன் ஆள் மட்டும் ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே ஒரே வட்டத்தை நிரப்புபவர்களும் அதில் இருக்கிறார்கள்.

அளவுக்கு மேல் குறித்துவிட்டால் அந்தப் பதவிக்கான ஓட்டு போய்விடும். 2017-இல் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு நியூபோர்ட் நியூஸ் நகரின் 94-ஆவது தொகுதியில் மறுஎண்ணிக்கை ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. பிறகு, இரண்டு பெயரின் வட்டமும் நிரப்பப்பட்டு ஒன்றின் மேல் கோடு இழுக்கப்பட்டிருந்த ஒரு சீட்டை நீதிமன்றம் செல்லும் என்றது. இருவருக்கும் 11,608 என்று சமநிலை. 2018 ஜனவரியில் கிண்ணத்திலிருந்து பெயர் எடுத்து முடிவு செய்தார்கள். தவறாகக் குறித்தால் கோடு போட்டுச் சமாளிக்காமல், சாவடி அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பர் மட்டும் கணக்கல்ல. காங்கிரஸ் உறுப்பினர் ஜெர்ரி கானலி 2025 மே மாதம் இறந்தபின், ஃபேர்ஃபாக்ஸின் பெரும்பகுதியை உள்ளடக்கிய அவரது தொகுதிக்கு செப்டம்பர் 9 இடைத்தேர்தல் நடந்தது. பத்தே நாளில், செப்டம்பர் 19 அன்று, நவம்பர் தேர்தலுக்கான முன்வாக்கு திறந்தது. வென்ற ஜேம்ஸ் வாக்கின்ஷா பிராடக் மாவட்ட மேற்பார்வையாளராக இருந்தவர், அந்த இடத்துக்கு மறுபடி இடைத்தேர்தல். ஒரே வீட்டுக்கு ஒரே ஆண்டில் இத்தனை அழைப்பு. முன்னதாக வாக்கின்ஷாவின் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது ‘ஃபயர்ஹவுஸ் பிரைமரி’ என்ற முறையில். அதைக் கட்சியே நடத்தும், சாவடிகள் சில மட்டும். கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் வாக்குப்பதிவுப் பட்டியலில் அது ஏறாது. ஒரு கட்சியின் கை ஓங்கிய தொகுதியில் முடிவு எழுதப்பட்ட இடம் அதுவாக இருந்தாலும் சரி.

அதிபர் தேர்தலுக்கு மட்டும் வந்து மற்ற மூன்று ஆண்டும் வீட்டில் இருந்துவிடுபவர்களில் ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களும் உண்டு. வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆவது பிரிவுப்படி ஃபேர்ஃபாக்ஸ் ஸ்பானிஷிலும் வியட்நாமியத்திலும் தேர்தல் ஆவணங்கள் தர வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 208-ஆவது பிரிவு மொழி பார்ப்பதில்லை. சீட்டைப் படிக்க முடியாதவர், தனக்கு வேலை தருபவரும் தன் தொழிற்சங்கப் பிரதிநிதியும் தவிர யாரையும், மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ, உள்ளே துணைக்கு அழைத்துச் செல்லலாம். 65 வயது ஆனவர் காரிலேயே உட்கார்ந்தபடி ஓட்டுப் போடலாம், சீட்டை வெளியே கொண்டுவந்து தருவார்கள். சாவடி காலை 6 முதல் மாலை 7 வரை, 7 மணிக்கு வரிசையில் நிற்பவர் போட்டுவிட்டே போகலாம். துணைக்குப் போகிறவர் முதலில் அலுவலரிடம் உதவிப் படிவம் கேட்டு வாங்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன்பின் மேலிருந்து கீழ்வரை, ஸ்கூல் போர்டின் மூன்று இடங்களையும் கடைசிக் கேள்வியையும் விடாமல், ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அவர் சொல்லும் பெயருக்கே வட்டத்தை நிரப்ப வேண்டும். யாருக்குப் போட்டார் என்பதை வெளியே சொல்லக்கூடாது.