பிரேக் மிதி அமுங்கியது: பட்டறைகள் கண்டுகொள்ளாத கோளாறைச் சரிசெய்த அனுபவம்

“பிரேக் பிடிக்கிறதே சார், பிறகு என்ன பிரச்சினை?” இந்த ஒரு கேள்வியைப் பட்டறை பட்டறையாகக் கேட்டு நொந்துபோனேன். வண்டி இப்போது சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் பட்ட அலைச்சலும், இடையில் ஏதாவது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணமும் இன்னும் ஆறவில்லை. இதே கோளாறோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். நீண்ட மலை இறக்கத்தில் வரும்போது, பிரேக் மிதி வழக்கமான இடத்தில் நிற்காமல் பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போனது. வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே எழும்பியது. கியரைக் குறைத்து, எஞ்சினின் பிடியிலேயே வேகத்தைத் தணித்து, அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினேன். வண்டி நன்றாக ஆறியபின் மிதித்தால் மிதி கெட்டியாக நிற்கிறது. மறுநாள் காலையிலும் அப்படியே. சூடானால் வரும், ஆறினால் மறையும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி எப்போதும் ஆறித்தான் இருக்கும். அங்கே யாருக்கும் எந்தக் குறையும் தென்படாது. என் அலைச்சல் முழுவதற்கும் இதுவே காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி இப்படி அமுங்கினால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிதியை விட்டுவிட்டு வேகவேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக் நெம்புகோல் உள்ள வண்டியானால், அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். பதற்றத்தில் எஞ்சினை மட்டும் அணைக்கவே கூடாது. அணைத்தால் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரின் உதவியும் ஸ்டியரிங்கின் உதவியும் போய்விடும். இன்னொன்று: மிதி கெட்டியாக இருக்கும்போது அவசரமாக நிறுத்த நேர்ந்தால் இப்படி விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் முழு பலத்தோடு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி காலுக்கடியில் அதிர்ந்தாலும் பிடியை விடக் கூடாது.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். முன்பதிவிலும் வரவேற்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாப் கார்டில் “பிரேக் பார்க்கவும்” என்று எழுதினார்கள். “மலை இறங்கிய பிறகு மிதி அமுங்குகிறது, இரண்டு முறை மிதித்தால் எழும்புகிறது என்று எழுதுங்கள்” என்றேன். “எல்லாம் ஒன்றுதான் சார்” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். ஒன்றே அல்ல. நாம் பேசுவது வரவேற்பில் இருப்பவரிடம். வண்டியைத் தொடுபவர் வேறு ஒருவர். அவர் கைக்குப் போவது அந்தச் சீட்டு மட்டுமே.

மாலையில் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். “பேட் எல்லாம் நன்றாக இருக்கிறது. பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றியிருக்கிறோம்.” பேட் என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உரசுகட்டை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தேவைப்படவில்லையாம். வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததே போதுமாம். அப்படிப் பார்த்தால் வெளிப்பக்கத்துப் பேட்தான் கண்ணில் படும். டிஸ்க்குக்கு உள்பக்கம் இன்னொரு பேட் இருக்கிறது. அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

அதைவிட ஆத்திரம் தந்தது அந்த ஆயில் விவகாரம். பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. காலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்த மூடிய குழாய்களுக்குள் இருப்பது அது. மட்டம் குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: எங்கோ கசிகிறது, அல்லது பேட் தேயத் தேய, பேட்களைத் தாங்கும் காலிப்பருக்குள் இருந்து அவற்றைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பியிருக்கிறது. குறைந்த மட்டமே ஒரு துப்பு. காரணம் தேடாமல் மேலே ஊற்றியதால் அந்தத் துப்பும் மறைந்துபோனது.

அடுத்த இறக்கத்தில் மறுபடியும் அதே அமுங்கல். இப்போது பிரேக் மிதிக்காதபோதும் வண்டி இடப்பக்கம் லேசாக இழுத்தது. இதைச் சொன்னதும் வேறொரு பட்டறையில் வீல் அலைன்மென்ட் செய்து பில் போட்டார்கள். இழுப்பு அப்படியே இருந்தது. மிதியைப் பற்றிக் கேட்டதற்கு, “மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாம்” என்றார்கள். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் உறுப்பு அது. செலவு பெரிது. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அனுபவத்தை வைத்தாம்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மிதியைச் சீரான பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலடியில் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு, அல்லது வெளியே எங்காவது ஒழுக்கு. இறங்காமல் நின்றால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். பூஸ்டருக்கும் இப்படி ஒன்று உண்டு: எஞ்சினை அணைத்து, மிதி இறுகும் வரை பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இரண்டையும் அந்தப் பட்டறைக்காரர் முன்னாலேயே செய்து காட்டினேன். மிதி அசையவில்லை, பூஸ்டரும் சரியாக இருந்தது. அவரிடம் பதில் இல்லை. தேவையில்லாத மாஸ்டர் சிலிண்டர் செலவு தப்பியது.

இந்த நாட்களில் பட்டறைக்குப் போகவர மட்டும், சமதளச் சாலையில், மெதுவாக ஓட்டினேன். முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு வினாடி இடைவெளி விட வேண்டும், மழையில் நான்கு என்பது ஓட்டுநர் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. உலர்ந்த சாலையிலும் நான்கு விட்டேன். இடைவெளியில் யாராவது புகுந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடியும் நான்கு. பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பினார்கள், எழுப்பட்டும்.

பட்டறைகளில் யாரும் காதில் வாங்காத கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் மிதியைத் தொடுவதற்கே அந்த ஒரு வினாடி போய்விடுகிறது. பலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதன் பிறகு நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால், உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர். ஆக 37. வேகம் 100 ஆனால் இதே கணக்கு 28-ம் 55-ம் சேர்ந்து 83 மீட்டராகிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரு மடங்காகவும் கூடும். மிதியை எழுப்புவதற்கு இரண்டு முறை மிதிக்க எனக்கு இன்னொரு வினாடி தேவைப்பட்டது. 60 கி.மீ. வேகத்தில் அது இன்னொரு 17 மீட்டர், நான்கு கார்களின் நீளம். “பிடிக்கிறதே சார்” என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எங்கே போய்ப் பிடிக்கிறது?

வேகத்தைப் பற்றி இன்னொன்றையும் நம்ப மறுக்கிறார்கள். ஒரே மாதிரியான இரண்டு கார்கள், ஒன்று 80-இல், இன்னொன்று 100-இல் வந்து ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. 80-இல் வந்தது முற்றிலும் நின்றுவிட்ட இடத்தை 100-இல் வந்த கார் 60 கி.மீ. வேகத்தில் கடக்கும். பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் வரும் விளைவு இது. காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்: 100-இன் வர்க்கத்திலிருந்து 80-இன் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 60-இன் வர்க்கம்.

கடைசியில் ஒரு சிறிய பட்டறை. வயதான மெக்கானிக். “எப்போது அமுங்குகிறது தம்பி?” என்றார். இத்தனை பட்டறைகளில் யாரும் கேட்காத கேள்வி. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். ஆளில்லாத சாலையில் திரும்பத் திரும்ப வேகமெடுத்து நிறுத்தினார். பிறகு இறங்கி, சக்கரங்களைத் தொடாமல் ஒவ்வொன்றின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டினார். முன் இடது சக்கரம் மட்டும் அனலாக வீசியது. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது மற்றச் சக்கரங்கள் கையால் தள்ளினாலே சுழன்றன. அது உரசிக்கொண்டு நின்றது.

கழற்றியதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. காலிப்பர் நகர்வதற்குத் தாங்கும் இரும்புக் கம்பி துருவேறி இறுகியிருந்தது. அதனால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இடப்பக்க இழுப்புக்குக் காரணம் அலைன்மென்ட் அல்ல, இதுதான். வெளிப்பக்கப் பேட் தடிமனாக இருந்தது. உள்பக்கத்தில் உரசுபொருள் ஏறக்குறைய தீர்ந்து, தகடு எட்டிப் பார்த்தது. உரசலில் பிறந்த சூடு ஆயிலுக்கு ஏறியிருக்கிறது. ஆயிலோ கறுத்துப்போய், ஈரப்பதம் சோதிக்கும் கருவியை வைத்ததும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் பலமெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மீண்டும் திரவமாகிவிடுவதால் மிதி கெட்டியாகிவிடுகிறது.

அந்தக் கம்பியைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டது, ரப்பர் உறைகளை மாற்றியது, முன் இரு சக்கரங்களுக்கும் புதுப் பேட், டிஸ்க்கின் தடிமனை அளந்து அதன்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது, பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஆயில் விட்டுக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியது எல்லாம் அன்றே முடிந்தன. ஒரே ஓர் இடத்தில் அவர் நிதானித்தார். புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் தொட்டிக்குத் திரும்பும். சர்வீஸ் சென்டரில் மேலே ஊற்றியிருந்ததால் தொட்டி நிரம்பி வழிய இருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால் முதலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் தள்ளினார்.

பேட் மாற்றிய வண்டியை வாங்கியதும், நகர்த்துவதற்கு முன்னால் மிதியைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி அடிவரை போகக்கூடும். பட்டறைக்காரர் மிதித்திருப்பார் என்று நம்பி வண்டியைக் கிளப்பாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் புதுப் பேட்டின் பிடி முழுமையாக இருக்காது. அதுவரை இடைவெளியைக் கூட்டியே வையுங்கள். கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய தேய்ந்த பேட்டை சர்வீஸ் சென்டரின் மேலாளர் மேஜையில் வைத்தேன், “பேட் நன்றாக இருக்கிறது” என்ற அவர்களுடைய பில்லோடு சேர்த்து. வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. சோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஜாப் கார்டு எழுதியவரை அழைத்து அந்தப் பேட்டைக் கையில் கொடுத்தார் மேலாளர். எனக்கு அது பணத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சக்கரத்தைக் கழற்றியபோது டயர்களையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். முன்னிரண்டில், டயர் பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் உயரக் கட்டைகள் மேற்பரப்பை நெருங்கிவிட்டன. ஈரச் சாலையில் தண்ணீரை வெளியேற்ற மிஞ்சியிருக்கும் பள்ளத்தின் ஆழம் போதாது. மழை தொடங்குவதற்கு முன்னால் மாற்றிவிடப் புது டயருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.