தை மழையும் ஆடிக் குளிரும்

காரைக்காலில் தை பிறந்தால் இதமான வெயில். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் அதே தை மாதம் நல்ல கோடை, போதாததற்கு மழையும் புயலும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் நம் பஞ்சாங்கத்துப் பருவங்கள் தலைகீழ். மார்கழிக் குளிரை அங்கே ஆடியில்தான் பார்க்கலாம்.

அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தத் தீவிலுள்ள செயின்ட் ஆந்த்ரே என்ற ஊரில். முதல் முறை நான் போனது ஆடியில். அத்தான் விடியுமுன்னே எழுப்பிவிட்டார். "பத்து மணிக்கு மேல மேகம் ஏறிடும் மாப்பிள்ளே, அப்புறம் மலையே தெரியாது." சலாஸி பள்ளத்தாக்கில் நின்று, 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் சிகரத்தில் முதல் வெயில் படுவதைப் பார்த்தேன். கை தானாகக் கூப்பியது. குறிஞ்சிக் கிழவனுக்குக் கடல் ஒரு தடையா என்ன?

மலை பார்க்க வருபவர்களுக்கு மே முதல் நவம்பர் வரைதான் நல்ல காலம். கம்பளி கட்டாயம் வேண்டும். உயரமான இடங்களில் உறைபனியே விழும்.

ஆனால் காவடி தைப்பூசத்தில்தானே! அதற்கென்றே மறுபடி போனேன். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதிக் கிழக்குக் கரையை நனைத்துக்கொண்டே இருக்கும். மலைமேல் ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது உலக சாதனை. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்! புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால் யாரும் வெளியே வரக்கூடாது, விமானமும் கிடையாது. மலைப்பாதையில் பாறை சரியும். அதனால் தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் கையில் மூன்று நான்கு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பத்து நாள் விரதம். அங்கே அதை 'கரேம்' என்கிறார்கள். அங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் பெரும்பாலோருக்குப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான், ஆனால் காவடி தோளில் ஏறியதும் 'அரோகரா' பிசிறில்லாமல் வருகிறது. கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஒதுங்கவில்லை. காவடிப் பூக்கள் கனத்துத் தொங்கின, அக்காவின் ரோஜா நிறச் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. செம்பின் வாயில் கட்டிய வாழையிலை மட்டும் அவிழவில்லை. மழைநீர் ஒரு சொட்டும் கலக்காமல் பால் சந்நிதி சேர்ந்தது.