160 கணினிகளுக்கு மின்பளு திட்டமிட்டுப் பட்ட பாடு

பயிற்சிக் கூடம் ஒன்றில் 160 கணினிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் விழுந்து, அதாவது இணைப்பைத் துண்டித்து, காக்கும் கருவி) காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருந்த வாரங்களின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்கள் அந்தப் பாடு படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை கட்டடத்தின் மின்பிரிவு அலுவலகம். எங்கள் தளத்துக்கு 63 ஆம்பியர் மும்முனை இணைப்பு இருந்தது. பவர் சப்ளையில் 450 வாட் என்று ஒட்டியிருந்ததை அலுவலர் 160-ஆல் பெருக்கினார். 72 கிலோவாட், 400 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல், முடியாது என்று கோப்பை மூடிவிட்டார். 450 வாட் என்பது அந்த பவர் சப்ளையால் தர முடிந்த உச்ச அளவு. கணினி அவ்வளவும் இழுக்கும் என்று பொருள் இல்லை. இதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. திரையையும் சேர்த்து, செயலியை முழு வேகத்தில் ஓடவிட்டு, வாட்மீட்டரில் அளந்தோம்: ஒரு கணினிக்கு 120 வாட், 180 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் நேராகப் பெருக்கிய அளவு). மொத்தம் 19.2 கிலோவாட். யூபிஎஸ்ஸின் இழப்பையும் பேட்டரி சார்ஜ் ஆவதையும் சேர்த்தாலும் உள்ளீட்டில் ஒரு பேஸுக்கு (மும்முனையில் ஒரு முனைக்கு) 35 ஆம்பியர் அளவில் நின்றுவிடும்.

அளவீட்டோடு போனால், ஒற்றைக்கோட்டு வரைபடம் (மின் இணைப்புகளை ஒற்றைக் கோடுகளால் காட்டும் படம்) எங்கே, அதில் உரிமம் பெற்ற மின்பொறியாளரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். முதல் முறையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எர்த் மின்தடை அளந்த அறிக்கையையும் கேட்காமலே சேர்த்துக் கொடுங்கள். அடுத்த கேள்வி அதுதான். இதற்குப் பிறகு அனுமதி தாமதமின்றி வந்தது.

யூபிஎஸ் விற்க வந்தவர், "இருபது கிலோவாட்டுக்குள்தானே, 25 கேவிஏ தாராளம்" என்றார். அவருடைய 25 கேவிஏ (25,000 விஏ), 0.8 திறன் காரணியில் (வாட்டை விஏ-ஆல் வகுத்த விகிதம்) 20 கிலோவாட் தரும் என்பது உண்மை. ஆனால் எங்கள் கணினிகளின் பவர் சப்ளைகள் திறன் காரணியைத் திருத்தாத பழைய வகை. 180 விஏ வீதம் கணக்கிட்டால் 28.8 கேவிஏ. வாட், விஏ இரண்டில் எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ அதுதான் தீர்மானிக்கும். 40 கேவிஏ வாங்கினோம். வாட்டை மட்டும் காட்டும் மீட்டரை நம்பி யூபிஎஸ் வாங்காதீர்கள்.

அதே பழைய வகை பவர் சப்ளை இன்னொரு வம்பையும் கொண்டுவரும். ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலில் மூன்றரை கோர் கேபிள் இருந்தது, அதாவது மூன்று பேஸ் கம்பிகள் முழுப் பருமன், மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல் கம்பி பாதிப் பருமன். மூன்று பேஸிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்பது மோட்டாருக்குச் சரி. இத்தகைய பவர் சப்ளைகள் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுப்பதால் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கலக்கும் மின்னோட்டம்) உருவாகிறது. அது நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காது, கூடும். பேஸ் மின்னோட்டத்தைப் போல 1.73 மடங்குவரை நியூட்ரல் தாங்க வேண்டி வரலாம். சண்டை போட்டு, நியூட்ரலைக் கணக்கில் வைத்து ஓர் அளவு பெரிய நான்கு கோர் கேபிளாக மாற்றினேன். முழுச் சுமையில் யூபிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கம் கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது பேஸில் 40 ஆம்பியர், நியூட்ரலில் 60-க்கு மேல். அந்த மூன்றரை கோர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி ஆர்சிசிபி. ஒரு சர்க்யூட்டுக்கு 16 கணினிகள், 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி என்று பத்து சர்க்யூட்டுகளை ஒப்பந்தக்காரர் அமைத்திருந்தார். ஆம்பியர் கணக்கு சரிதான்: பன்னிரண்டரைதான் வரும். இருந்தும் ஒருநாள் மூன்றாவது வரிசை அணையும், மறுநாள் ஏழாவது. கணினியைக் கழற்றிப் பார்த்தால் பழுது இல்லை. ஆர்சிசிபியை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். கடைசியில் "இதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம்" என்றார். உயிரைக் காக்கும் கருவியைக் கழற்றச் சொல்லும் ஆலோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அன்றைக்குத்தான் நான் குரலை உயர்த்தினேன்.

கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வரவழைத்து, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து அளந்தோம். 17 மில்லியாம்பியர்! ஒவ்வொரு பவர் சப்ளையின் வடிகட்டியிலும் உள்ள சிறு மின்தேக்கிகள் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். பழுது அல்ல, அமைப்பே அப்படி. ஒன்றுக்கு ஒரு மில்லியாம்பியர் என்றாலும் பதினாறு சேர்ந்தால் தொகை. 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 15 வரை விழக் கூடாது, 30-இல் விழுந்தே ஆக வேண்டும். இடையில் எப்போது வேண்டுமானாலும் விழலாம். நாங்கள் நின்றது அந்த இடைவெளியில். நிரந்தரக் கசிவு ஆர்சிசிபி அளவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நல்ல வரம்பு, அதாவது 9 மில்லியாம்பியர். ஒவ்வொரு சர்க்யூட்டையும் இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். எட்டு கணினிக்கு ஒன்று, மொத்தம் இருபது சர்க்யூட். பேஸுக்கு ஏழு, ஏழு, ஆறு. கூடுதல் வயரிங் என்று ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். பிரித்த பிறகு ஒருமுறைகூடத் தானாக விழவில்லை.

அதோடு எம்சிபிகளையும் பி வகையிலிருந்து சி வகைக்கு மாற்றிவிட்டோம். கணினிகள் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது கணநேரம் பாயும் மின்னோட்டத்துக்கு, தன் ஆம்பியர் அளவின் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே விழும் பி வகை ஒத்துவராது. சி வகை ஐந்து முதல் பத்து மடங்கு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுமை ஏற்றி ஒரு மாதம் ஆனதும் டிபி பாக்ஸ்களில் (சர்க்யூட்டுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டிகள்) உள்ள எல்லாத் திருகுகளையும் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், நியூட்ரலை முதலில். மும்முனை அமைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் போக வேண்டிய கணினிக்கு 400-ஐ நெருங்கிப் போகலாம். எங்களுக்கு ஒரு பாக்ஸில் நியூட்ரல் திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்ததை அந்தச் சோதனையில்தான் பிடித்தோம்.