மூன்று ஜாடி ரம்மும் ஆறு கிராம்பும்

போன வருஷம் டிசம்பர் 20 அன்று எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டி, ஒரு சின்னக் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுக்காரர். 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்த நாள் அது. தீவில் விடுமுறை, பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. கிளாஸில் தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. மூக்கில் வெனிலா, நாக்கில் அன்னாசி, தொண்டையில் இறங்கிய பிறகுதான் அது ரம் என்றே தெரிந்தது.

பேர் ரோம் அராஞ்ஜே. ‘ஒழுங்குபடுத்திய ரம்’ என்று சொல்லுக்குச் சொல் எழுதலாம். ‘சரிக்கட்டிய ரம்’ என்றால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. முரட்டு வெள்ளை ரம்மைப் பழமும் வாசனைப் பொருளும் போட்டுச் சில மாதம் உட்காரவைத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

அந்த அம்மாவின் முன்னோர் ஒருவர் காரைக்காலில் கப்பலேறியவராம். அடிமை முறை போன பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிப் போனார்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. குடும்பப் பேர் மட்டும் சுத்தத் தமிழ், அதையும் பிரெஞ்சு வாயால்தான் உச்சரிப்பார். நான் புதுச்சேரி. இருவரும் பாரிசுக்கு வடக்கே ஒரே மாடியில் குடியிருக்கிறோம்.

இந்த வருஷம் நானே போடுகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட கேள்வி: “என்ன, வீட்லயே ஊறல் போடப்போறீங்களா?” எங்கள் பக்கம் ஊறல் என்றால் போலீஸ் வந்து பானையை உடைத்து மண்ணில் கொட்டுகிற சமாச்சாரம். இது அதுவல்ல. காய்ச்சுவதும் கிடையாது, வடிப்பதும் கிடையாது. அனுமதி இல்லாமல் வீட்டில் வடிப்பது இந்த நாட்டிலும் குற்றம்தான். கடையில் வரி கட்டி வாங்கிய ரம்மில் பழம் ஊறுகிறது, அவ்வளவே. ஊறுகாய் போடத் தெரிந்தவர்களுக்குக் கை பழகிய வேலைதான் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பிறகு ஒரு ஜாடியைக் கெடுத்தது.

செப்டம்பர் 7

முதல் ஜாடி. எதிர் வீட்டு அம்மா சொன்னபடியே, என் புத்தி எதையும் நுழைக்காமல் செய்தது.

49 டிகிரி (நூற்றுக்கு 49 பங்கு ஆல்கஹால்) வெள்ளை ரம் 1 லிட்டர். ரீயூனியனில் விக்டோரியா என்று ஒரு சின்ன அன்னாசி உண்டு. இங்கே விமானத்தில் வருகிறது, கைக்குள் அடங்குகிற அளவு, வாசனை மட்டும் வீடு முழுக்க. தோல், கண், நடுத்தண்டு போக 400 கிராம் தேறியது. வெனிலாக்காய் ஒன்று, நீளவாக்கில் கீறியது. கறுவா அரைச் சுருள். நாட்டுச் சர்க்கரை மாதிரி இருக்கும் பழுப்புக் கரும்புச் சர்க்கரை 3 மேசைக்கரண்டி.

40 டிகிரி ரம் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டதும் புரிந்தது. 400 கிராம் அன்னாசியில் ஏறக்குறைய 340 மில்லி தண்ணீர்தான். 1 லிட்டர் 49 டிகிரி ரம்மில் 490 மில்லி ஆல்கஹால். பழத்துத் தண்ணீரும் ரம்மும் கலந்து சமமாகும்போது 1340-க்கு 490, அதாவது 36 டிகிரி சொச்சம். 40 டிகிரி ரம் ஊற்றியிருந்தால் 30-க்கு இறங்கியிருக்கும். அதற்கு மேல் பழத்தை அள்ளிப் போட்டால் இன்னும் இறங்கும், ஒரு கட்டத்தில் கெடவும் ஆரம்பிக்கும். ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கிற அதே கதை.

கறுவா வாங்க, பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் போயிருந்தேன். கடைக்கார யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டார்:

“அண்ணை, கறிக்கோ தேத்தண்ணிக்கோ?”

“ரம்முக்கு.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். “அப்ப கறுவாவை எடுங்கோ. அந்தத் தடிச்ச பட்டை வேண்டாம்.”

விஷயம் தெரிந்தவர். நம் ஊரில் பிரியாணிக்குப் போடுகிற தடித்த பட்டை வேறு மரம். காரம் தூக்கல், நாள்கணக்கில் ஊறினால் வழவழவென்று கோழை மாதிரி ஒன்றை விடுகிறது. இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களைச் சேர்த்துச் சுருட்டிய சுருட்டு மாதிரி இருக்கும், கையால் நொறுங்கும், மணம் சாது.

வெனிலாக்காய் ஒன்று 4 யூரோ. விலையைப் பார்த்து முனகியதற்கு எதிர் வீட்டு அம்மா வகுப்பே எடுத்துவிட்டார். வெனிலாப் பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதற்குள் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841-இல் கண்டுபிடித்தவன் ரீயூனியனில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயதுப் பையன். ஒரு சின்னக் குச்சியும் கட்டைவிரலும்தான் கருவி. அதற்குப் பிறகு நான் முனகவில்லை.

செப்டம்பர் 14

இரண்டாவது ஜாடி. இதில் என் புத்தி முழுசாக நுழைந்தது.

கிறிஸ்மஸ் என்றால் இங்கே எல்லாவற்றிலும் மசாலா வாசனை: பன்னில், சூடான ஒயினில், மெழுகுவத்தியில்கூட. மசாலாவுக்கு நம்மிடம் பாடம் கேட்கட்டும் என்று, அரை லிட்டர் ரம்மில் கிராம்பு 6, ஏலக்காய் 5, அன்னாசிப்பூ 4, வீட்டில் கிடந்த தடித்த பட்டை ஒரு விரல் நீளம், ஜாதிக்காய்த் துருவல் கொஞ்சம், ஆரஞ்சு ஒன்று தோலோடு வட்டவட்டமாக நறுக்கியது. யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது காதில் விழாதது போல.

அளவு எங்கிருந்து வந்தது என்றால் கையிலிருந்து வந்தது. ஒரு கிலோ அரிசிக்குக் கை தானாக எடுக்கும் அளவு அதுதான்.

செப்டம்பர் 22

மூன்றாவது ஜாடி, ‘நாற்பத்து நாலு’ என்றே பேர். பிரெஞ்சுப் பாட்டிமார் பண்டம். ஆரஞ்சு 1, காப்பிக்கொட்டை 44, சர்க்கரைக் கட்டி 44, பழம் ஊறப்போடவென்றே கடையில் விற்கும் 40 டிகிரி சாராயம் 1 லிட்டர், 44 நாள். ஏன் 44 என்று இதுவரை யாரும் எனக்கு உருப்படியாகச் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு மண்டலம் 48 நாள் என்பதை யார் கேள்வி கேட்கிறோம்?

செய்ய எளிது என்பார்கள். செய்து பார்த்தால் தெரியும். ஆரஞ்சைச் சுடுதண்ணீரில் தேய்த்து மெழுகைப் போக்கி, கத்தி முனையால் தோலில் ஒரு கீறல், அதில் ஒரு கொட்டை. இருபதாவது கொட்டையில் ஆரஞ்சு கண்ணீர் விட ஆரம்பித்தது. முப்பதில் கை வழுக்கிக் கட்டைவிரல் நகத்துக்குக் கீழே சாறு ஏறி எரிந்தது. நாற்பத்து நாலு முடிந்தபோது பழம் அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. ஜாடியில் போட்டால் மிதக்கிறது. மேலே நிற்கிற பாதி நனையவில்லை. ஒரு சின்னத் தட்டை மேலே கவிழ்த்து அமுக்கினேன். சர்க்கரைக் கட்டிகள் அடியில் மணல் மேடாகக் குவிந்துகொண்டன. தினமும் காலையில் ஒரு குலுக்கு.

செப்டம்பர் 24

மசாலா ஜாடிக்குப் பத்தாம் நாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன்.

பல் டாக்டர் நாற்காலி! ஒப்புக்குச் சொல்லவில்லை; கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால்தான் பல் வைத்தியத்திலும் மரக்க வைக்கப் பயன்படுகிறது. நாக்கின் நுனி மரத்துப்போயிற்று. அதைத் தாண்டினால் இருமல் மருந்து, கடைசியில் ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து வந்த கசப்பு, அதுவும் போகாத கசப்பு.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. சமையலில் ஆறு கிராம்பு போட்டாலும் ஆறு கிராம்பின் வாசனையை நாம் சாப்பிடுவதில்லை. பாதி ஆவியோடு அடுப்பங்கரையிலேயே போய்விடுகிறது, மிச்சத்தை அரிசியும் கறியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தண்ணீருக்கு அந்த எண்ணெயை முழுசாகக் கரைக்கத் தெம்பும் இல்லை. மூடிய ஜாடியில் ரம் அப்படியில்லை. இருப்பதையெல்லாம் உறிஞ்சி, எதையும் வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறது. கையளவு என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டது அடுப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் கணக்கு.

சரி, காப்பாற்றிப் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்தேன். காப்பி வடிகட்டும் தாளில் சொட்டுச் சொட்டாக இறங்கப் பாதி ராத்திரி ஆனது. துருவிய ஜாதிக்காய் தாளை அடைத்துவிட்டது. இனி தூளாக எதையும் போடுவதில்லை. பிறகு கால் கிளாஸ் எடுத்துத் தண்ணீர் விட்டு இளக்கினால், கண் முன்னாலேயே தெளிவாக இருந்தது மங்கி, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கெட்டுப்போகவில்லை. அன்னாசிப்பூவின் எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீர் கூடினால் தாங்காமல் பிரிந்து நுண்துளியாக நிற்கும். இங்கே மதியம் குடிக்கும் பஸ்தீஸ் என்ற சோம்பு வாசனைச் சாராயம் தண்ணீர் விட்டதும் பாலாவது இதனால்தான். பத்து வருஷமாகப் பார்க்கிற காட்சி, காரணம் என் சொந்தத் தவறில்தான் தெரிந்தது.

தண்ணீருக்குப் பதில் வெறும் ரம், ஒன்றுக்கு மூன்று. தெளிவாக நின்றது, மரப்பு குறைந்தது. கசப்பு மட்டும் போகவில்லை.

அக்டோபர் 5

முதல் ஜாடியைப் பார்க்க எதிர் வீட்டு அம்மா வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார், ருசிக்கக்கூட இல்லை, “கறுவாவை எடு” என்றார். நாலு வாரம்தானே ஆயிற்று என்றேன். அதற்கே நேரம் கடந்துவிட்டது என்பது போல ஒரு பார்வை. வெனிலாவும் பழமும் கடைசி வரை இருக்கலாம், கறுவா விருந்தாளி, வந்து போய்விட வேண்டும் என்றார். எடுத்தேன். ரம்மின் நிறம் அதற்குள் இளம்பொன்னாகியிருந்தது. கீறிய வெனிலாவிலிருந்து கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பு விதைகள் இறங்கி அன்னாசித் துண்டுகளில் ஒட்டியிருந்தன.

நவம்பர் 5

நாற்பத்து நாலுக்குக் கெடு. வடிகட்டி இரண்டு புட்டியில் அடைத்தேன். நிறம் வெளிர் டீ. ஆரஞ்சு முதலில், காப்பி பின்னால் ஒரு நிழல் மாதிரி. இனிப்புதான் அதிகம், சர்க்கரைக் கட்டி 44 என்றால் கால் கிலோவுக்கு மேலே வருகிறது. என் மனைவி இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார், அதனால் குறை சொல்வதை நிறுத்தினேன். அடுத்த தடவை 30 கட்டி போடுவேன்; பாட்டிமார் மன்னிக்கட்டும்.

நவம்பர் 23

மசாலா ரம்முக்கு ஒரு வழி பிறந்தது. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊறவைக்க உலர்திராட்சையும் முந்திரியும் எடுத்தபோது, வெறும் ரம்முக்குப் பதில் இதில் ஒரு கிளாஸ் ஊற்றினேன். குடிக்க முடியாத கசப்பு கேக்கில் ஆரஞ்சுத் தோல் போட்டதுபோல் மறைந்துவிட்டது. புதுச்சேரிக்கு வீடியோவில் அம்மாவிடம் காட்டியபோது, “கிராம்பு மூணு போதும்னு நான் சொல்லியிருப்பேனே” என்றார். யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

டிசம்பர் 20

மூன்றரை மாதம். இந்த முறை கிளாஸோடு எதிர்க் கதவைத் தட்டியது நான்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கறுவாவை ஒரு வாரம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும், மற்றபடி நன்றாக இருக்கிறது என்றார். என் நாக்குக்குக் கறுவா தெரியவே இல்லை. கிளாஸைக் காலி செய்துதான் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் வந்த மச்சான், ரம் வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஜாடியிலிருந்த அன்னாசித் துண்டுகளைப் பழம்தானே என்று நாலு தின்றார். ரம்மில் இருக்கிற அதே 36 டிகிரி அந்தத் துண்டிலும் இருக்கிறது. பழத்திலிருந்து தண்ணீர் வெளியே வந்த வழியாகத்தான் அது உள்ளே போயிருக்கிறது. ஒன்பது மணிக்கு சோபாவில் குறட்டை. சாவியை என் தங்கை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றிரவே ஜாடியைப் பிள்ளைகளுக்கு எட்டாத மேல் அலமாரிக்கு மாற்றினேன்.

டிசம்பர் 26

ஜாடியில் கால்வாசி மிச்சம், துண்டுகளும் கொஞ்சம். இப்படி மிச்சமிருந்தால் அதன் மேலேயே புது ரம் ஊற்றி மூடிவிடுவார்களாம் தீவில். அரை லிட்டர் ஊற்றினேன், அன்னாசி இன்னும் பாதி சேர்த்தேன், பழைய வெனிலாக்காயையே விட்டுவைத்தேன். மூடியில் தேதி எழுதி ஒட்டியாயிற்று. கறுவா போடவில்லை, அதை மார்ச்சில், எதிர் வீட்டு அம்மாவைக் கூட்டிவந்து, அவர் கண் முன்னால் போட்டு எடுக்கிறதாக ஏற்பாடு.